வேலையில் சேர்ந்த பிறகு யார் கற்றுத்தருவது?

எழும்பூர் ரயில் நிலையத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மீட்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு அவனைத் தற்காலிகமாக ஓர் இல்லத்தில் சேர்க்கிறது. அவன் வீடு எங்கே, அங்கே யார் இருக்கிறார்கள், ஏன் கிளம்பி வந்தான் என்று விசாரித்து அறிக்கை தரும்படி உத்தரவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தச் சமூக விசாரணைக்குத் தரும் அவகாசம் 15 நாள். சிறுவன் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் என்றால், அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் பஸ் பிடித்து அந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

அவர் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இரண்டு மாதத்துக்கு முன்பு வேலையில் சேர்ந்த இளம்பெண்ணாக இருக்கலாம். அவர் எழுதப்போகும் சில பக்கங்கள்தான் அந்தச் சிறுவன் வீட்டுக்குப் போவானா, பதினெட்டு வயதுவரை இல்லத்தில் வளர்வானா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. குழு உறுப்பினர்கள் அந்த வீட்டைப் பார்க்கப்போவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரியப்போவது அந்த அறிக்கை மட்டும்தான்.

நம்முடைய மாவட்டங்களில் எழுதப்படும் அறிக்கைகளில் ஒரு வகை உண்டு. ‘தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். தாய் கூலி வேலை செய்கிறார். குடும்பம் வறுமையில் உள்ளது. குழந்தையின் நலன் கருதி இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’ இதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. ஆனால், அந்த வீட்டில் பையனுக்கு ராத்திரிச் சோறு போடுவது யார், அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் அவன் யார் வீட்டுத் திண்ணையில் போய்ப் படுக்கிறான், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆயா அவனை வைத்துக்கொள்ளத் தயாரா, அவன் பள்ளிக்கூடத்தை விட்டது எந்த வாரம், அந்த வாரம் என்ன நடந்தது ஆகிய எதுவும் அதில் இராது. இந்தக் கேள்விகளைக் கேட்டறிந்த பணியாளர் வேறோர் அறிக்கை எழுதுவார். ஆயாவின் பொறுப்பில் விடலாம், மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் ரூ.4,000 பெற்றுத் தரலாம், மூன்று மாதம் தொடர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரலாம் என்று அது சொல்லும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. அந்தக் கோட்பாடு உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் இந்த இரண்டு அறிக்கைகளுக்கு இடையில்தான்.

முதல் அறிக்கையை எழுதியவர் அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டாவது அறிக்கையை எழுதக் கற்றுத்தர யாரும் இல்லை. அதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கல்லூரியில் இருந்தது, வேலையில் இல்லை

சமூகப் பணிக் கல்விக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. 1936இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாடா பெயரில் தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கியது. இன்று மதுரை, திருச்சி, கோவை என்று எல்லாத் திசைகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

இந்தப் படிப்பின் உயிர்நாடி களப்பணி. மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு மருத்துவமனைக்கோ இல்லத்துக்கோ குடிசைப் பகுதிக்கோ போக வேண்டும். போய்வந்ததைக் குறிப்பேட்டில் விரிவாக எழுத வேண்டும். பிறகு ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். தனிநபர் கலந்துரையாடல் என்று பாடத்திட்டத்தில் இருக்கும் இதை மாணவர்கள் ‘ஐ.சி.’ என்பார்கள். ‘அந்த அம்மா அழுதபோது நீ ஏன் உடனே பேச்சை மாற்றினாய்?’ என்று ஆசிரியர் கேட்கும் இடம் அதுதான். வகுப்பறைப் பாடம் எதுவும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. தான் கேட்ட கதை தன்னை என்ன செய்தது என்பதை ஒரு மாணவர் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் இது நின்றுவிடுகிறது. மாணவராக இருந்தபோது, விளைவு பெரிதாக இல்லாத வேலைக்கு வாரம்தோறும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டினார். ஒரு குழந்தையின் வாழ்க்கையே கையில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. மருத்துவம் படித்தவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்த பிறகே தனியாக வைத்தியம் பார்க்கிறார். சட்டம் படித்தவர் சீனியரிடம் ஜூனியராக இருந்து வாதாடக் கற்கிறார். சமூகப் பணியாளர் மட்டும் சேர்ந்த முதல் வாரத்திலேயே போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் எதிரே தனியாக உட்கார வைக்கப்படுகிறார்.

பயிற்சியே கிடையாது என்று சொல்ல முடியாது. இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்கு நியமன நாளிலிருந்து 60 நாட்களுக்குள்ளும், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கு அறிவிக்கையிலிருந்து இரண்டு மாதங்களுக்குள்ளும் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தச் சட்டத்தின் அமலாக்கம் குறித்த சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலியிடங்களை நிரப்புவதோடு பயிற்சியின் தேவையையும் வலியுறுத்தியது. களப் பணியாளர்களுக்கும் அவ்வப்போது பயிற்சிகள் நடக்கின்றன. நடக்கும் விதம்தான் சிக்கல். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒருநாள் கூட்டங்கள். காலையில் தொடக்க விழா, பிறகு சட்டப் பிரிவுகள் பற்றிய பவர்பாயிண்ட், மதியம் இணையதளத்தில் தரவு ஏற்றுவது எப்படி என்ற விளக்கம், மாலையில் சான்றிதழ். சட்டமும் தெரிய வேண்டும், தரவும் ஏற வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால், பேசவே மறுக்கும் ஒரு சிறுமியிடம் முதல் அரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதை நூறு பேர் அமர்ந்த அரங்கில் யாராலும் சொல்லித்தர முடியாது. அதை ஒருவர் செய்துபார்க்க வேண்டும், இன்னொருவர் கூடவே இருந்து திருத்த வேண்டும், மறுவாரம் மீண்டும் செய்துபார்க்க வேண்டும்.

குழந்தைத் திருமணத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பு வருகிறது, காவல் துறையோடு போகிறார்கள், கல்யாணம் நிற்கிறது, செய்தியும் வருகிறது. அந்தப் பெண் மறுநாள் அதே வீட்டில்தான் தூங்கி எழ வேண்டும். அவமானப்பட்டதாக நினைக்கும் அப்பா, பத்திரிகை அடித்துச் செலவு செய்த மாமா, ‘இனி இவளை யார் கட்டிக்குவா’ என்று கேட்கும் உறவுகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த ஆறு மாதம் அந்த வீட்டோடு எப்படித் தொடர்பில் இருப்பது, அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது எப்படி, மறுபடியும் வேறு ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைக்கத் திட்டமிடுகிறார்கள் என்பதை எந்த அறிகுறியில் கண்டுகொள்வது? 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை மனப்பாடம் செய்தாலும் இவை விளங்கா. இதையெல்லாம் அறிந்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து பழுத்தவர்கள். அவர்கள் அறிந்தது அவர்களோடு ஓய்வுபெற்றுப் போய்விடுகிறது.

ஒரு குழந்தையின் மரணம் கற்பித்தது

விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். ஐவரி கோஸ்ட்டிலிருந்து, நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் உறவினரோடு அனுப்பிவைத்த குழந்தை. அந்த உறவினரும் அவருடைய ஆண் துணையும் அவளைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். சமூகப் பணித் துறைகள், மருத்துவமனைகள், காவல் துறை ஆகிய எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003இல் வெளியிட்ட அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதாகச் சொன்னது. வழக்கைக் கையில் வைத்திருந்தவர் அனுபவம் குறைந்த இளம் சமூகப் பணியாளர். அவருக்குப் போதிய வழிகாட்டுதல் இல்லை, கோப்பை யாரும் ஆழ்ந்து படிக்கவில்லை. லேமிங் தன் கண்டனத்தின் முனையை மேலே இருந்த நிர்வாகிகள் பக்கம் திருப்பினார்.

இங்கிலாந்து பாடம் கற்க மேலும் சில ஆண்டுகளும், 2007இல் இன்னொரு குழந்தையின் மரணமும் தேவைப்பட்டன. 2012இல், புதிதாகச் சேரும் சமூகப் பணியாளரின் முதல் ஆண்டுக்கென்று தனி ஏற்பாடு வந்தது. முதல் ஆறு வாரத்துக்கு வாரம் ஒருமுறை, அதன் பிறகு ஆறு மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை மூத்த பணியாளர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து வழக்குகளைப் பேச வேண்டும். வழக்கு எண்ணிக்கையும் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பதிவுபெற்ற ஒவ்வொரு சமூகப் பணியாளரும் அந்த ஆண்டில் என்ன கற்றார் என்பதை ஆண்டுதோறும் பதிய வேண்டும், அதில் ஒன்றையாவது சக பணியாளரோடு பேசி எழுதியிருக்க வேண்டும் என்பது இப்போது அங்கே விதி. அதற்குப் பிறகு அங்கே குழந்தைகள் சாகவில்லை என்று நான் சொல்லவரவில்லை. கற்றுத்தருவது அமைப்பின் கடமை என்று அந்த நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அது சிறிய விஷயம் அல்ல.

இதற்காக நாம் லண்டன் வரை போகவும் தேவையில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 1986இல் சென்னையில். ஆரம்ப ஆண்டுகளின் அச்சத்துக்கும் வெறுப்புக்கும் நடுவே, பரிசோதனைக்கு வந்தவரிடம் ‘உங்களுக்கு இருக்கிறது’ என்று சொல்லும் வேலை நம்பிக்கை மையங்கள் எனப்படும் பரிசோதனை மையங்களின் ஆலோசகர்கள் தோளில் விழுந்தது. அவர்களில் பலர் சமூகப் பணி படித்தவர்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அவர்களுக்கு முறையான தொடக்கப் பயிற்சியையும் புத்தாக்கப் பயிற்சியையும் வைத்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘சக்ஷம்’ திட்டம் பல மாநிலங்களின் கல்வி நிறுவனங்களை இந்தப் பணியில் சேர்த்துக்கொண்டது. வகுப்போடு நிற்காமல், ஆலோசகர் வேலை செய்யும் மையத்துக்கே போய் வழிகாட்டுவதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டம், நிதியோடு முடிந்தது. ஆனால், இது இங்கே முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு சாட்சி 2004 டிசம்பர் 26க்குப் பிறகான நாகப்பட்டினம். பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலிருந்து வந்த குழுவினர், ஆழிப்பேரலையில் குடும்பத்தை இழந்தவர்களுக்கு நேரடியாக உதவியதோடு, உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் அந்த உதவியைத் தரும் முறையைக் கற்றுத்தந்தார்கள். துயரத்தில் இருப்பவர் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பதும் ஒரு திறன்தான், அதையும் கற்றுத்தரலாம் என்று நம் கடலோர மாவட்டங்கள் அப்போது கண்டுகொண்டன. அதே நிம்ஹான்ஸ், மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவோடு 2020 முதல் ‘சம்வாத்’ என்ற பெயரில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு உளவியல் சமூகப் பயிற்சி அளித்துவருகிறது. தரமான பாடங்கள். தமிழில், தமிழ்நாட்டு வழக்குகளோடு, ஆண்டு முழுக்கத் தொடரும் வழிகாட்டுதல்தான் இனி வேண்டியது.

190 பேர்

பயிற்சி என்றதும் நிதி இல்லை என்ற பதில் வரும். கணக்கைப் பார்த்துவிடுவோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் பணியிட அளவுப்படி ஒரு மாவட்ட அலகில் சமூகப் பணியாளர்கள் இருவர், ஆற்றுப்படுத்துநர் ஒருவர், புறத்தொடர்புப் பணியாளர்கள் இருவர். 38 மாவட்டங்களுக்கும் சேர்த்தால் 190 பேர். ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட மாநிலத்தில், ஆபத்தில் இருக்கும் குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் மாவட்ட அலகுப் பணியாளர்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். எண்ணிக்கை போதாது என்பது தனி விவாதம். இப்போது இருப்பவர்களுக்குக் கற்றுத்தருவது பெரிய செலவு என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பத்துப் பேருக்கு ஒருவர் என்று வைத்தால் 19 மூத்த வழிகாட்டிகள் போதும்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். முன்பு குழந்தைகள் நலக் குழுக்களில் இருந்தவர்கள், சென்னையில் ஸ்கார்ஃப், பேன்யன் போன்ற மனநல அமைப்புகளில் நீண்ட காலம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சியின் பிஷப் ஹீபர், கோவையின் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் களப்பணி வழிகாட்டுதலையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், பாதி நேரில், பாதி காணொளியில், வழக்கில் உள்ளவர்களின் பெயர் சொல்லாமல் பேசலாம். இன்னொன்று முக்கியம்: வழிகாட்டுபவர் அந்தப் பணியாளரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் அதிகாரியாக இருக்கக் கூடாது. வேலையை நீட்டிப்பவரிடம் ‘எனக்கு இந்த வழக்கில் என்ன செய்வதென்றே தெரியவில்லை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒப்பந்தம் என்று சொன்னதால் ஊதியத்தையும் சொல்லிவிட வேண்டும். மாவட்ட அலகுகளின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதம் ரூ.18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592 என்று தொகுப்பூதியம் போட்டிருக்கிறார்கள். முதுநிலைப் பட்டதாரிக்கு இது நியாயமான சம்பளம் அல்ல. இரண்டு ஆண்டு வேலை பார்த்து, ஊரையும் மக்களையும் நீதிமன்றத்தையும் ஓரளவு தெரிந்துகொண்டதும், குடும்பம் நடத்த முடியாமல் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு அவர் போய்விடுகிறார். அடுத்தவர் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். இந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டு, கைக்காசு போட்டு, ஊதியமில்லா விடுப்பில் ஆலோசனைப் பயிற்சிக்கோ கலை வழிச் சிகிச்சைப் பட்டறைக்கோ போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கற்றுவந்ததற்கு ஊதியத்தில் ஒரு ரூபாய் கூடுவதில்லை, பதவிப் படியும் இல்லை. கற்பதற்கான நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிடுவது இவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம்.

வழிகாட்டுதலோடு கற்பது அவசியம் என்பதை மனநலத் துறையில் சட்டமே ஏற்றிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று வரையறுக்கும்போது முதுநிலைப் பட்டத்தோடு நிறுத்தவில்லை. வழிகாட்டுதலுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும் என்கிறது. 2022இல் யுஜிசி எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது; பிறகு இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தந்தது. இனி அந்தப் படிப்பு எந்தப் பெயரில் நடந்தாலும், அந்த இரண்டு ஆண்டு நேரடிப் பயிற்சி சுருங்கிவிடக் கூடாது. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. குழந்தைகள், முதியோர், வன்முறைக்கு ஆளான பெண்கள் நடுவே வேலை செய்யும் பெரும்பான்மையான சமூகப் பணியாளர்களுக்கோ, வழக்கறிஞர்களுக்கும் செவிலியர்களுக்கும் இருப்பதுபோன்ற ஒரு கவுன்சில் இன்றுவரை இல்லை. கவுன்சில் இல்லாததால் பதிவும் இல்லை. பதிவு இல்லாததால், தொடர்ந்து கற்க வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை.

வழிகாட்டுதலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் முதன்மையானதாக நினைக்கிறேன். இந்த வேலையில் நாள்தோறும் கேட்கும் கதைகள் மனிதரை அரிக்கும். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளின் வாக்குமூலத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டவர், வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்கும்போது கை நடுங்குவதாகச் சொல்வார். நாளடைவில் சிலர் விலகிப்போகிறார்கள். சிலர் விலகாமல் இறுகிப்போகிறார்கள். அழும் குழந்தை எதிரே இருந்தாலும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அந்த இறுக்கத்தைக் கெட்ட மனம் என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள், மேலதிகாரிகளும் எடுத்துக்கொள்வார்கள். வாராவாரம் நம்பிக்கையான ஒருவரிடம் பேச முடிந்திருந்தால் இவர்களில் பலர் மென்மை குறையாமல் வேலையில் நீடித்திருப்பார்கள்.

அரசின் 190 பேரோடு இது முடிந்துவிடாது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களில் வேலை செய்பவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. அவர்களுடைய சம்பளம் இன்னும் குறைவு, பயிற்சிக்கு அழைப்பு வருவதும் அரிது. மாவட்ட அலகுக்கு வழிகாட்டி கிடைத்தால், மாதம் ஒருமுறை அந்த மாவட்டத்து இல்லங்களின் பணியாளர்களையும் சேர்த்து உட்கார வைக்கலாம். கட்டடமும் நாற்காலிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இளைஞர் நீதி விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. ஆகவே புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை, அடுத்த ஆண்டுக்கான பயிற்சி நாட்காட்டியைத் தயாரிக்கும்போது, அரங்கக் கூட்டங்களில் பாதியை விட்டுவிட்டு அந்தத் தொகையை 19 வழிகாட்டிகளின் மதிப்பூதியத்துக்கும் பயணப்படிக்கும் மாற்றலாம். முதல் ஆண்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கி, அங்கே எழுதப்படும் சமூக விசாரணை அறிக்கைகளை மற்ற மாவட்டங்களின் அறிக்கைகளோடு வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.